கஞ்சி வராத சீசன்

திருகோணமலை உப்புவெளியில் எனக்கு ஆறு அறை கொண்ட ஒரு கெஸ்ட் ஹவுஸ் இருக்கிறது. ஹோட்டல் என்று சொல்ல ஏலாது. முன்னால் ஒரு வேப்பமரம், பின்னால் ஒரு கிணறு, இடையில் நான் கட்டாரில் ஒன்பது வருஷம் ஏசி திருத்திச் சேர்த்த காசு, அவ்வளவுதான். கடற்கரைக்கு நடந்து நாலு நிமிஷம். நாலு அறையோடு தொடங்கினேன். 2019ஆம் ஆண்டு போகவேண்டிய நாடுகளில் முதலாவது இலங்கை என்று லோன்லி பிளானட் 2018 கடைசியில் அறிவித்தது. 2018இல் மட்டும் 23 லட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் இந்த நாட்டுக்கு வந்திருந்தார்கள். எங்கள் ஒழுங்கையில் எல்லாரும் கட்டினார்கள், நானும் கட்டினேன். வங்கியில் 18 லட்சம் எடுத்து இன்னும் இரண்டு அறை, சுடுதண்ணிக் குழாய், மேலே ஒரு ஓலைக் கொட்டில்.

தெற்கிலும் மேற்கிலும் மழை தொடங்கும்போதுதான் எங்கள் கரையில் கடல் அடங்கும். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை ஐந்து மாதம். அந்த ஐந்து மாதத்தில் உழைத்துத்தான் பன்னிரண்டு மாதமும் சாப்பிடவேண்டும். பெரும்போகம் பிழைத்தால் சிறுபோகம் என்று கமக்காரனுக்கு ஒரு ஆறுதல் இருக்கும். எங்களுக்கு ஒரே ஒரு போகம். 2019 சித்திரை வருஷப் பிறப்புக்குச் சுவருக்கு வெள்ளை அடித்து, புது மெத்தைகளின் பிளாஸ்டிக்கை உரிக்காமல் வைத்திருந்தேன்.

ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. ஒரு ஜெர்மன் சோடி மட்டும் தங்கியிருந்தார்கள், மறுநாள் விடிய அவர்களுக்குக் கட்டுநாயக்காவில் விமானம். காலை ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முந்தி கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் ஏதோ வெடித்ததாம் என்று தொலைபேசி வந்தது. காஸ் சிலிண்டராக இருக்கும் என்றேன். பிறகு கட்டுவாப்பிட்டித் தேவாலயம், பிறகு கொழும்பின் பெரிய ஹோட்டல்கள் மூன்று. பிறகு மட்டக்களப்பு சீயோன் தேவாலயம். அங்கே செத்தவர்களில் ஞாயிறு வகுப்பு முடித்து முற்றத்தில் நின்ற பிள்ளைகள் பலர். அன்றைக்கு மொத்தம் 250 பேருக்கு மேல் போனார்கள், வெளிநாட்டவர் மட்டும் 40க்கு மேல். குண்டு வைத்தது ஒரு உள்ளூர் முஸ்லிம் தீவிரவாதக் கும்பல்.

கொழும்பில் படிக்கிற மகனுக்கு முதலில் எடுத்தேன். அவன் அறையில் பத்திரமாக இருந்தான். போனை வைத்த அடுத்த நிமிஷம் எனக்கு வந்த யோசனை மே மாத புக்கிங். அதை மறைத்து எழுதினால் இந்த அனுபவத்தை எழுதுவதில் பிரயோசனம் இல்லை.

அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அடுப்படிக்குப் போய் அரிசி, பருப்பு, தீப்பெட்டி, மண்ணெண்ணெய் எல்லாம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தா. அடையாள அட்டைகளை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டுக் கதவுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டா. சண்டை முடிந்து பத்து வருஷம் ஆகப்போகிற நேரம் அது. பத்து வருஷமாக மறந்திருந்ததெல்லாம் பத்து நிமிஷத்தில் அவவின் கைக்குத் திரும்பி வந்துவிட்டது.

பின்னேரம் ஆறு மணியிலிருந்து ஊரடங்கு. விமானச் சீட்டும் பாஸ்போட்டும் காட்டினால் விடுவார்கள் என்று அறிவித்திருந்தார்கள், ஆனால் இரவிரவாக 200 கிலோமீற்றருக்கு மேல் ஓட ஒரு சாரதி வேண்டுமே. நாலு பேரைக் கேட்டேன், நாலு பேரும் மறுத்தார்கள். ஐந்தாவதாக இக்பால் நகர் நானாவை (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) எடுத்தேன். கெஸ்ட் ஹவுஸ் தொடங்கிய காலத்திலிருந்து என் ஆட்களைக் கன்னியாவுக்கும் கோணேசர் கோயிலுக்கும் சிகிரியாவுக்கும் கொண்டுபோகிறவர் அவர்தான். "நான் போறன் தம்பி, அவங்க பாவம்" என்றார். தாடி வைத்த ஒரு முஸ்லிம் மனிசன், அந்த இரவில், வான் ஓட்டிக்கொண்டு கொழும்புப் பக்கம் போனார். ஏழு இடத்தில் இறக்கிச் சோதித்தார்களாம். மூன்று இடத்தில் ஜெர்மன்காரி தானே இறங்கி, இவர் எங்கள் சாரதி என்று சொல்லியிருக்கிறாள். மறுநாள் திரும்பி வந்தவர் வழக்கமான கூலிக்கு மேல் ஒரு சதமும் வாங்கவில்லை.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பிறகு வரும்.

அடுத்த ஐந்து நாளில் கையில் இருந்த 41 புக்கிங்கில் 33 போய்விட்டது. இரவில் போன் 'டிங்' என்று சத்தம் போடும்போதெல்லாம் ஒன்று குறையும். ஏழு நாளுக்கு முந்திச் சொல்லாவிட்டால் ஒரு நாள் வாடகை பிடிப்பேன் என்று நான் எழுதி வைத்திருந்த விதி, புக்கிங் தளத்தின் 'அசாதாரண நிலைமை' என்ற ஒற்றை வரிக்கு முன்னால் செல்லவில்லை. முற்பணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுக்கவேண்டி வந்தது. அந்தக் காசோ ஓலைக் கொட்டிலாக மேலே நின்றது. அன்றையிலிருந்து, ஆள் வந்து படுத்து எழும்பும்வரை முற்பணம் என்னுடைய காசு இல்லை என்று வேறு கணக்கில் போட்டு வைக்கிறேன். புதிதாகத் தொடங்குகிற பொடியன்களுக்கு நான் சொல்லுகிற முதல் விஷயமும் இதுதான்.

வந்தவர்கள் பயத்தில் ஓடினார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது பாதிதான் உண்மை. ஒவ்வொரு வருஷமும் வருகிற ஒரு இங்கிலாந்துக் கிழவர், புறாத்தீவில் மீன் பார்க்கவென்றே வருபவர், எழுதினார்: எனக்குப் பயமில்லை, ஆனால் என் காப்புறுதி செல்லாது. ஏப்ரல் 25ஆம் தேதி பிரித்தானிய வெளியுறவு அலுவலகம், அத்தியாவசியம் இல்லாவிட்டால் இலங்கைக்குப் போகவேண்டாம் என்று அறிவித்தது. அப்படி அறிவித்தால் பெரும்பாலான பயணக் காப்புறுதிகள் தாமாகச் செல்லாமல் போய்விடும். காப்புறுதி இல்லாமல் ஆட்களை ஏற்ற பயண நிறுவனங்கள் துணியாது. அந்த அறிவிப்பை ஜூன் 6ஆம் தேதிதான் எடுத்தார்கள். ஆறு கிழமை. எங்கள் ஐந்து மாதப் போகத்தில் விதைக்கிற ஆறு கிழமை. குண்டின் சத்தம் ஒரு நாளில் அடங்கும், எங்களைச் சாகடிப்பது இந்தக் கடதாசிகள். அதனால் இப்பொழுதெல்லாம் ஏதாவது நடந்தால் நான் செய்தி பார்த்துத் தலையைப் பிய்ப்பதில்லை. எந்த நாடு என்ன அறிவித்திருக்கிறது, எப்போது மாற்றியது என்று பார்க்கிறேன். ஜூன் 6ஆம் தேதி இரவே அந்தக் கிழவருக்கு எழுதினேன். ஆகஸ்ட்டில் வந்தார். தளத்தை நம்பாமல், வந்துபோனவர்களின் மின்னஞ்சலை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தது கைகொடுத்தது. வெடித்த நாளில் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் அரசாங்கம் முடக்கி, ஏப்ரல் கடைசியில்தான் விட்டது. அந்த ஒன்பது பத்து நாளும் அந்தக் கொப்பிதான் என் கடை.

2018 மே மாதம் நாட்டுக்கு வந்தவர்கள் 129,466 பேர். 2019 மே மாதம் 37,802. அந்த 37,802 பேரிலும் திருகோணமலைக்கு யார் வந்தார்கள் என்று எனக்குத் தெரியாது, என்னிடம் வந்தவர் ஒருவர். ஒரு போலந்துக்காரன், சைக்கிளில். அவனிடம் வாடகை வாங்க மனம் வரவில்லை, ஆனால் வாங்கினேன்.

ஒரு அறையின் காசு எங்கே போகிறது என்று நான் அந்த மே மாதம்தான் முதன்முதல் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். வேலை இல்லாத நேரம் கணக்கு நன்றாக வரும். ஒரு இரவுக்கு 6,000 ரூபாய். அதில் 900 புக்கிங் தளத்துக்கு, அது நாட்டுக்குள் நிற்பதே இல்லை. காலைச் சாப்பாடு இரண்டு பேருக்கு 800: பாண் பேக்கரிக்காரருக்கு, முட்டை பின் ஒழுங்கையில் கோழி வளர்க்கிற மாமிக்கு, பப்பாளியும் தேங்காயும் சந்தைக்கு. விரிப்பு தோய்க்கிற அக்காவுக்கு 300. வேலைக்கு நிற்கிற இரண்டு பேரின் பங்கு 1,200. மின்சாரம், தண்ணி 700. வங்கிக்கு 1,000. எனக்கு மிஞ்சுவது 1,100. வெளியே படகுக்கும் ஓட்டோவுக்கும் மீன் பொரியலுக்கும் அந்தச் சோடி இன்னொரு 6,000 செலவழிக்கும் என்று வையுங்கள். ஒரு அறை பூட்டிக் கிடந்தால் நான் இழப்பது 1,100, ஊர் இழப்பது எட்டாயிரத்துக்கு மேல். உல்லாசப் பயணத்தால் நாடு பெற்ற வருமானம் 2018இல் 4.3 பில்லியன் டொலருக்கு மேல், 2019இல் 3.6 பில்லியன் அளவு என்று பத்திரிகையில் வாசிக்கும்போது பெரிய இடி மாதிரித் தெரியாது. அந்த வித்தியாசத்துக்குள் எங்கள் முட்டை மாமியின் கோழிகளும் இருக்கின்றன. தீன் வாங்கக் காசில்லாமல் ஜூன் மாதம் எல்லாவற்றையும் இறைச்சிக்கு விற்றா.

விரிப்பு தோய்க்கிற அக்காவுக்கு மூன்று நுண்கடன். குழுவாகச் சேர்ந்து எடுக்கிற கிழமைக் கடன். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும், அதனால் கடன்காரனுக்கு முதல் பக்கத்து வீட்டுக்காரிதான் சண்டைக்கு வருவாள். செவ்வாய்க்கிழமைகளில் அந்த அக்கா என் வீட்டுப் பின்பக்கம் வந்து ஒளிந்து உட்கார்ந்திருப்பா. தோடு அடைவுக்குப் போனது, பிறகு மகளின் டியூசன் நின்றது. கார்த்திகையில் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டா. மகளை அம்மம்மா பார்க்கிறா. அந்தப் பிள்ளை அடுத்த வருஷம் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவேண்டியது. இதை எந்த அறிக்கை எந்தத் தலைப்பின் கீழ் போடும் என்று எனக்கு விளங்கவில்லை.

காப்புறுதியைப் பற்றி ஒரு வார்த்தை. என் பாலிசியில் கலவரம், பயங்கரவாதம் எல்லாவற்றுக்கும் சேர்த்து மேலதிகக் கட்டணம் கட்டியிருந்தேன். பெருமையோடு எடுத்துக்கொண்டு போனேன். முகவர் பொறுமையாக வாசித்துக் காட்டினார்: கட்டிடம் சேதமானால் தருவோம். என் கட்டிடத்தில் ஒரு ஓடு உடையவில்லை. ஆள் வராததற்கு அந்தப் பாலிசியில் ஒரு சதமும் இல்லை. கையெழுத்து வைக்கும்போது அந்தப் பக்கத்தை வாசிக்காதது என் பிழை.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் பொய். சுற்றுலாத் துறையினரின் கடன்களுக்கு 2020 மார்ச் 31 வரை முதலும் வட்டியும் கட்டாமல் இருக்கச் சலுகை வந்தது. ஹோட்டல்களுக்கு வற் என்ற பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 7 ஆகக் குறைத்தார்கள் (வற் கட்டுகிற அளவுக்கு உழைக்காத எங்களுக்கு அது பக்கத்து வீட்டுக் கல்யாணம் மாதிரி). ஆகஸ்ட்டில் 48 நாட்டவருக்கு இலவச விசா. ஆனால் கடன் சலுகைக்கு நான் வங்கிக்குப் போனபோது அவர்கள் கேட்ட முதல் கடதாசி சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் பதிவு. என்னிடம் இருந்தது பிரதேச சபை உரிமம் மட்டும். பதிந்தால் வரி கேட்பார்கள், சோதனைக்கு வருவார்கள் என்று ஆறு வருஷம் தட்டிக் கழித்திருந்தேன். ஓடித் திரிந்து எடுத்து முடிக்க இரண்டரை மாதம். அதற்குள் இரண்டு தவணைக்கு மனிசியின் தாலிக்கொடி தவிர்ந்த மற்றதெல்லாம் அடைவில். நல்ல காலத்தில் எடுக்கிற கடதாசிதான் கெட்ட காலத்தில் செல்லும். இன்னொன்று, சலுகை என்பது தள்ளுபடி இல்லை. நின்ற வட்டி பிறகு ஒரு புதுக் கடனாகத் தலையில் ஏறி உட்கார்ந்தது. சலுகை தருகிறார்கள் என்றவுடன் கையெழுத்து வைக்காமல், முடிகிற அன்று மொத்தம் எவ்வளவு நிற்கும் என்று எழுதி வாங்குங்கள்.

வேலைக்கு நின்ற இரண்டு பேரையும் நான் நிற்பாட்டவில்லை. அது தர்மம் இல்லை, கணக்கு. ஒரு நல்ல சமையல்காரனைப் பழக்கி எடுக்க இரண்டு சீசன் வேண்டும். அரைச் சம்பளம், சாப்பாடு, காலையில் படகு வேலைக்குப் போகலாம் என்று பேசி முடித்தோம். மாதம் 28,000 ரூபாய் அதற்குப் போனது. ஆறு மாதச் செலவைத் தனியே வைத்திருக்கவேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். என் அனுபவத்தில் மூன்று மாதத்துக்கு மேல் யாராலும் வைக்க ஏலாது. ஆனால் அந்த மூன்று மாதம் இருந்தால் மற்ற மூன்று மாதத்துக்கு வழி தேட மூளை வேலை செய்யும். என்னிடம் இருந்தது 19 நாளுக்கு.

வழி வந்தது எதிர்பாராத பக்கத்தால். ஆடி மாதம் குருணாகலிலிருந்து ஒரு வான் நிறையச் சிங்களக் குடும்பம் வந்து, அறை வேண்டாம் ஐயா, மேலே கொட்டிலில் பாய் விரித்துப் படுக்கலாமா, அடுப்புத் தருவீர்களா என்று கேட்டது. பதினாலு பேர். நான் கொஞ்சம் மூஞ்சையைச் சுளித்தேன், காசு வாங்கும்போது சுளிப்பு போய்விட்டது. அறைக்கு 2,500, அடுப்புக்கும் பெரிய பானைகளுக்கும் 1,000 என்று சிங்களத்திலும் தமிழிலும் பலகை எழுதிப் போட்டேன். நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் வந்தவர்கள் கோணேசரையும் பார்த்துப் போக வந்தார்கள். எங்கள் ஆட்களுக்கு எந்த வெளியுறவு அலுவலகம் என்ன சொன்னாலும் ஊருக்கு வராமல் இருக்க ஏலாது. வெள்ளைக்காரருக்கென்றே கட்டிய ஓலைக் கொட்டிலில் அந்த ஆவணி முழுதும் சிங்களப் பைலாவும் தமிழ்ச் சண்டையும்தான். வழக்கமான சீசனில் வருவதில் மூன்றில் ஒரு பங்கு வந்தது. சாகவில்லை.

இதுவரை எழுதியது எல்லாம் காசு. காசு போனது எனக்குத் திரும்பி வந்தது, குறைந்தது ஒரு பகுதி.

வெடித்த கிழமையிலிருந்து சோதனைச் சாவடிகள் திரும்பி வந்தன. அவசரகாலச் சட்டம் வந்தது, ஆகஸ்ட் வரை நின்றது. பள்ளிக்கூடங்கள் திறந்தபோது பெற்றோர் முறை வைத்து வாசலில் பிள்ளைகளின் பையைக் கிண்டினார்கள். ஒரு தாய் கிழமையில் ஒரு காலை வேலையை விட்டுவிட்டு மற்றவரின் பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்க்கிறாள், இதற்கும் ஒரு விலை உண்டு. பஸ்ஸை மறித்து இறக்கினார்கள். ஒரு வித்தியாசம் இருந்தது. எங்களைப் பார்த்து, "நீங்கள் ஏறுங்கோ" என்றார்கள். முஸ்லிம்களை நிற்க வைத்தார்கள். இருபத்தைந்து வருஷம் அந்த வரிசையில் நின்றவர்கள் நாங்கள். தமிழில் பெயர் இருந்ததற்காக வவுனியாவில் வெயிலில் மூன்று மணித்தியாலம் நின்றவன் நான். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது எனக்கு வெட்கம் வரவில்லை. நிம்மதியாக இருந்தது. அதை நினைத்துத்தான் இப்போது வெட்கம்.

கப்பல் சுக்கான் படம் போட்ட சட்டையை தர்மச்சக்கரம் என்று சொல்லி ஒரு பெண்ணைப் பிடித்து உள்ளே போட்டார்கள். மே நடுப்பகுதியில் குளியாப்பிட்டி, மினுவாங்கொடைப் பக்கங்களில் முஸ்லிம்களின் கடைகள் எரிந்தன. ஜூன் தொடக்கத்தில் முஸ்லிம் அமைச்சர்கள் ஒன்பது பேரும் ஆளுநர்கள் இரண்டு பேரும் பதவி விலகினார்கள். எங்கள் பக்கம் எரியவில்லை. எங்கள் பக்கம் நடந்தது சத்தமில்லாதது. அவர்களுடைய கடையில் வாங்காதே என்று வட்ஸ்அப்பில் வந்தது. நான் அதை யாருக்கும் அனுப்பவில்லை. ஆனால் இறைச்சிக்கு வேறு கடைக்குப் போனேன், ஏன் என்று என்னையே கேட்காமல்.

மே மாதம் இரண்டாம் கிழமை கொழும்பிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் அறை கேட்டது. அந்த மாதத்தின் பெரிய புக்கிங், நாலு நாள், இரண்டு அறை. வான் தேவை என்றார்கள். "டிரைவர் ஆர்? எங்கட ஆள்தானே?" என்று கேட்டார் அந்த ஐயா. நான் ஓம் என்றேன். வேறு ஒரு பொடியனின் வானை ஒழுங்கு செய்தேன். நானாவுக்குச் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் தெரியாது என்று நினைத்தேன். கன்னியா வெந்நீரூற்று வாசலில் என் ஆட்களை வேறு வானில் அவர் கண்டிருக்கிறார். அதற்குப் பிறகு அவர் ஓட்டம் கேட்டு எனக்கு எடுக்கவேயில்லை. நானும் எடுக்கவில்லை.

அந்த வருஷம் நோன்பு மே 7ஆம் தேதி அளவில் தொடங்கியது. ஒவ்வொரு நோன்புக்கும் அவர் வீட்டிலிருந்து ஒரு தூக்குச்சட்டி கஞ்சி பின்னேரம் ஐந்தரைக்கு வரும். ரம்பை இலையும் தேங்காய்ப்பாலும் இஞ்சியும் போட்ட கஞ்சி. அம்மா விரதம் இல்லாத நாளாய்ப் பார்த்துக் குடிப்பா. எங்கள் பொங்கலுக்கு அதே தூக்குச்சட்டி சர்க்கரைப் பொங்கலோடு திரும்பிப் போகும். 2019இல் கஞ்சி வரவில்லை. முதல் கிழமை அம்மா கேட்டா, பிறகு கேட்கவில்லை. தூக்குச்சட்டி எங்கள் வீட்டுத் தட்டில் கவிழ்ந்து கிடந்தது.

அவருடைய வான் லீசிங். மாதம் 46,000. கடன் சலுகை அவருக்கு வரவேயில்லை. சாதாரண வான்தானே, சுற்றுலா வாகனம் என்று எந்தக் கடதாசியில் இருக்கிறது என்று கேட்டார்களாம். என் ஓட்டத்தோடு இன்னும் மூன்று கெஸ்ட் ஹவுஸ்காரரின் ஓட்டமும் நின்றிருக்கிறது. புரட்டாதி மாதம் அவர்கள் வந்து வானைச் சீஸ் பண்ணிக் கொண்டுபோனார்கள். 60 தவணையில் 31 கட்டியிருந்தார். இது எனக்கு மீன் வாங்கப் போன இடத்தில்தான் தெரியவந்தது.

மூன்று நாள் யோசித்துவிட்டுப் போனேன். கையில் அந்தத் தூக்குச்சட்டி, வெறுஞ்சட்டி கொண்டுபோகக்கூடாது என்று அம்மா மோதகம் போட்டுத் தந்திருந்தா. மேசன் வேலைக்குப் போய்வந்து கால் கழுவிக்கொண்டு நின்றார். பிளேன்ரீ வந்தது. நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன், அவர் கையால் மறித்தார். "ஓட்டம் தராதது பரவாயில்ல தம்பி. ஆள் கேட்டா நீங்க என்ன செய்யிற. அண்டைக்கு இரவு நான் போனனே, அதயாவது அவங்களுக்குச் சொல்லியிருக்கலாம்."

சொல்லியிருக்கலாம். ஒரு வசனம். அந்த ஐயாவுக்குச் சொல்லியிருந்தால் அவர் ஒருவேளை அறையையும் வேண்டாம் என்றிருப்பார், எனக்கு 40,000 ரூபாய் போயிருக்கும். அந்தக் கணக்கை அந்த நேரம் நான் போட்டேன்.

கஞ்சியைப் பற்றிக் கேட்டேன், கோபத்தில் அனுப்பவில்லையா என்று. உள்ளேயிருந்து அவருடைய மனிசிதான் பதில் சொன்னா. அவ சமைத்துத்தான் வைத்தாவாம். நீங்கள் வாங்காவிட்டால், அல்லது வாங்கிக் கொட்டிவிட்டால் என்று பயந்து அனுப்பவில்லையாம். அந்தப் பயம் சும்மா வரவில்லை. 2018இல் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் மலட்டு மருந்து கலந்தார்கள் என்ற வதந்தியில் கடையையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். கறியில் இருந்தது வெறும் மாக்கட்டி என்று பரிசோதனையில் தெரிந்தது. ஆனால் கதை சாகவில்லை, 2019இல் திரும்பவும் எழும்பி நடந்தது. எங்கள் தொலைபேசிகளுக்கும் வந்தது. அவவின் தொலைபேசிக்கும் வந்திருக்கும்.

குண்டு வைத்தவர்களுக்கு உப்புவெளி எங்கே இருக்கிறது என்றும் தெரிந்திருக்காது. அவர்களுடைய வேலை அன்று காலையோடு முடிந்தது. மிச்ச வேலையை நாங்கள் பார்த்துக்கொண்டோம்.

தடுத்திருக்கலாம் என்பதுதான் இன்னும் ஆறவில்லை. இந்தியப் புலனாய்விலிருந்து ஏப்ரல் 4ஆம் தேதியே எச்சரிக்கை வந்திருந்தது. பதினேழு நாள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபாய் இழப்பீடு கட்டவேண்டும் என்றும், பொலிஸ் மா அதிபராக இருந்தவரும் அரச புலனாய்வுச் சேவையின் தலைவராக இருந்தவரும் ஆளுக்கு 75 மில்லியன் கட்டவேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்குக் கொடுக்கத்தான் வேண்டும். கோழி மாமியின் பெயர் அந்தப் பட்டியலில் வராது, வரவேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை.

2019 கடைசியில் பாதுகாப்பு என்ற ஒரே பேச்சில் தேர்தல் வந்தது. 2020இல் கொரோனா. 2022இல் டொலர் இல்லாமல் நாடே கடன் கட்ட ஏலாது என்று கையை விரித்தது. எல்லாவற்றுக்கும் உயிர்த்த ஞாயிறுதான் காரணம் என்று சொல்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். வரியைக் குறைத்தது, கண்டபடி கடன் வாங்கியது, உரத்தை நிறுத்தியது என்று காரணம் எவ்வளவோ. ஆனால் டொலர்ப் பானையில் முதல் ஓட்டை எப்போது விழுந்தது என்று கேட்டால், எங்கள் தொழிலில் இருக்கிற யாரும் அந்த ஏப்ரல் மாதத்தைத்தான் காட்டுவார்கள்.

2022 ஏப்ரல், நோன்பு மாதம். பெற்றோல் வரிசை. சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன எண்ணெய்த் தாங்கிகள் வரிசையாக நிற்கிற மாவட்டத்தில் ஒரு லீற்றருக்கு விடியவிடிய நிற்கிறோம். எனக்கு முன்னால் பதினொரு வாகனம் தள்ளி ஒரு பழைய ஓட்டோவில் நானா. இரண்டாம் கை ஓட்டோ, மச்சானிடம் கடன் வாங்கி எடுத்தது என்று பிறகு சொன்னார். பாங்கு சொல்லுகிற நேரம் அவருடைய கடைசி மகன் சைக்கிளில் வந்தான், கைபிடியில் எங்கள் மோதகம் போன அதே தூக்குச்சட்டி. அவர் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுவிட்டு, மூடியில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு, வரிசையில் தன் இடத்தைப் பையனிடம் விட்டுவிட்டு, பதினொரு வாகனமும் கடந்து என்னிடம் வந்தார்.

சூடாக இருந்தது. உப்புக் கொஞ்சம் தூக்கல்.

"சீசனுக்கு ஆள் வருமா தம்பி?"

"ரெண்டு புக்கிங் இருக்கு நானா. பெற்றோல் கிடைச்சா வருவாங்கள்."

"ஓட்டோவில ஏறுவாங்களா?"

"நான் சொல்லுறன்" என்றேன். மூடியை வாங்கிக்கொண்டு அவர் திரும்பிப் போனார். வரிசை ஒரு வாகனம் அளவு நகர்ந்தது, நான் இறங்கி என்னுடையதைத் தள்ளினேன்.